உங்கள் வேலைக்கு ஒரு சாட்சி: சான்று ஃபைல் போடும் முறை

ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவொற்றியூர் தேரடிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தெரு வாசகசாலைக்குப் பிள்ளைகள் வருவார்கள். கையில் துணிக்கடைக் கட்டைப்பை இருக்கும். அதைக் கவிழ்த்தால் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், கேரம் போட்டிச் சான்றிதழ், எப்போதோ சேர்ந்த கம்ப்யூட்டர் வகுப்பின் ரசீது எல்லாம் ஒன்றாக மேசையில் விழும். "சார், நாளைக்கு இன்டர்வியூ. இதுல எத எடுத்துட்டுப் போறது?"

நான் 31 வருடம் ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவுக்குப் பாடம் எடுத்தவன். ஓய்வு பெற்ற பிறகு இந்த ஃபைல் போட்டுக் கொடுக்கும் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். காசிமேடு, எர்ணாவூர், வியாசர்பாடி என்று விண்ணப்பத்தில் முகவரியைப் படித்ததும் எதிரே இருப்பவரின் முகம் மாறுவதை நான் பார்த்திருக்கிறேன். மாமாவோ சித்தப்பாவோ கம்பெனிக்குள் இருக்கும் பையனுக்கு அவர் வாய்தான் சான்று. நம் பிள்ளைகளுக்கு அப்படி யாரும் இல்லை. அவர்களுக்காகப் பேச வேண்டியது காகிதம். அந்தக் காகிதம் எப்படிப்பட்டதாக இருந்தால் பேசும் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு வெல்டரின் தாளைப் பாருங்கள்

மணலி, எண்ணூர் பக்கம் பைப் வேலைக்குப் போகிறவர்களுக்கு இது தெரியும். வேலைக்கு எடுக்கும் முன் ஒரு டெஸ்ட் வைப்பார்கள். தேறினால் ஒரு தாள் எழுதப்படும். நிறைய இடங்களில் ஏ.எஸ்.எம்.இ. எனப்படும் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதித்தொகுப்பு, ஒன்பதாம் பிரிவுப்படி இது நடக்கும்.

அந்தத் தாளில் என்ன இருக்கும்? ஆர்க் வெல்டிங்கா டிக் வெல்டிங்கா, என்ன உலோகம், என்ன வகை எலக்ட்ரோடு, பைப்பின் விட்டம் எவ்வளவு, கனம் எவ்வளவு, எந்த நிலையில் பற்ற வைத்தார். 6ஜி என்று போட்டிருந்தால் பைப் 45 டிகிரி சாய்வில் அசையாமல் பொருத்தப்பட்டிருக்க, வெல்டர்தான் அதைச் சுற்றி வளைந்து வேலை செய்தார் என்று அர்த்தம். வெல்டை வளைத்துப் பார்க்கும் பெண்ட் டெஸ்ட்டா எக்ஸ்ரேயா, முடிவு என்ன, தேதி என்ன, பக்கத்தில் நின்று பார்த்தது யார், வெல்டரின் ஸ்டாம்ப் நம்பர் என்ன. அவ்வளவுதான். "நன்றாக வேலை செய்வான்" என்ற வாசகம் அதில் எங்கும் இருக்காது. "நல்ல குணம் உடையவன்" என்றும் இருக்காது.

ஆனால் அந்தத் துறையில் இருக்கும் யார் அதைக் கையில் எடுத்தாலும், ஹால்டியாவில் இருப்பவரானாலும் துபாயில் இருப்பவரானாலும், அரை நிமிடத்தில் இந்த ஆளுக்கு என்ன வரும், என்ன வராது என்று புரிந்துகொள்வார். எல்லோரும் ஒரே படிவத்தில், ஒரே அளவுகோலில், சரிபார்க்கக்கூடிய விதத்தில் எழுதுவதால் வரும் பலன் இது. முறைப்படுத்திய சாதனைப் பதிவு என்று பெரிய வார்த்தையில் சொல்வது இதைத்தான்.

இன்னொன்றையும் அந்தத் தாள் சொல்லிக் கொடுக்கிறது. ஒரு வெல்டிங் முறையில் வாங்கிய தகுதி இன்னொரு வெல்டிங் முறைக்குச் செல்லாது. ஆறு மாதம் அந்த முறையில் வெல்டிங் செய்யாமல் இருந்தால் தகுதி காலாவதி ஆகிவிடும். கம்பெனி மாறினால் பெரும்பாலும் மறுபடியும் டெஸ்ட் உண்டு, ஏனென்றால் தன் வெல்டரின் தகுதிக்கு அந்தக் கம்பெனியே பொறுப்பு. "அப்போ பழைய தாள் எதுக்கு சார்?" என்று கேட்பார்கள். பழைய தாள் வேலை வாங்கித் தராது. டெஸ்ட் நடக்கும் அறைக்குள் உங்களைக் கொண்டுபோய் விடும். உள்ளே போன பிறகு கை பேசும். நம் பிள்ளைகளுக்குக் கடினமாக இருப்பது அந்த அறை வரைக்கும் போய்ச் சேருவதுதான்.

அதனால் வெல்டர்களுக்கு நான் சொல்வது, ஒரு நோட்டுப் போடுங்கள். மாதத்துக்கு ஒரு வரி போதும். எந்த வெல்டிங் முறை, எந்த இடம், எந்த ஜாயின்ட், யார் சூப்பர்வைசர், அவர் கையெழுத்து. ஆலையை நிறுத்திப் பழுது பார்க்கும் ஷட்டவுன் வேலை முடிந்து எல்லோரும் கலையும் அன்றே கையெழுத்து வாங்கிவிட வேண்டும். மறுநாள் அந்த சூப்பர்வைசர் வேறு மாநிலத்தில் இருப்பார்.

என் மாமனார் ராயபுரத்தில் இருந்து கப்பலுக்குப் போனவர். மாலுமிகளிடம் சி.டி.சி. என்ற சிறு புத்தகம் இருக்கும். ஒவ்வொரு பயணத்துக்கும் கப்பலின் பெயர், எந்தப் பதவி, எந்தத் துறைமுகத்தில் எந்தத் தேதியில் ஏறினார், எங்கே எப்போது இறங்கினார், கேப்டன் கையெழுத்து, முத்திரை. அந்தப் புத்தகம் இன்றும் எங்கள் பீரோவில் இருக்கிறது. அவர் பேசிய கதைகளை எல்லாம் மறந்துவிட்டேன், ஆனால் அவர் எந்த வருடம் எந்தக் கப்பலில் என்ன வேலை பார்த்தார் என்று இப்போதும் என்னால் சொல்ல முடியும். நம் பிள்ளைகளின் நோட்டும் அப்படி இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

படிவம் இல்லாத சாதனையைப் படிவமாக்குவது

எல்லோரும் வெல்டர் இல்லை. ஆனால் எதைச் செய்திருந்தாலும் ஐந்து விஷயம் கிடைத்துவிட்டால் அதைப் பதிவாக்கலாம். என்ன செய்தீர்கள், எவ்வளவு, எப்போதிலிருந்து எப்போது வரை, யார் பார்த்தார், எங்கே கேட்டால் உறுதி சொல்வார்கள்.

காசிமேட்டில் இருந்து ஒரு பெண் வந்தாள். பி.காம். முடித்தவள். அம்மா மீன் விற்கிறவர். "எனக்கு அனுபவம்னு எதுவும் இல்ல சார்" என்றாள். பேசப் பேசத்தான் தெரிந்தது, அம்மா இருக்கும் மகளிர் சுய உதவிக் குழுவின் கணக்கை இரண்டு வருடமாக அவள்தான் எழுதுகிறாள். 14 உறுப்பினர், மாதச் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் தவணை, கூட்டத் தீர்மானம் எல்லாம். இது அனுபவம் இல்லை என்றால் எதுதான் அனுபவம்? குழுத் தலைவியிடம் ஒரு பக்கக் கடிதம் வாங்கினோம். எந்த மாதம் தொடங்கி எந்த மாதம் வரை, எத்தனை உறுப்பினர், என்னென்ன பதிவேடு, எந்த வங்கிக் கிளையில் குழுவின் கணக்கு இருக்கிறது என்று வரிசையாக எழுதி, குழு முத்திரை வைத்தோம். "பொறுப்பான பெண், அன்பானவர்" என்று முதலில் எழுதியிருந்த நான்கு வரியை நீக்கச் சொன்னேன். தலைவிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் கணக்கு உதவியாளர் வேலைக்குப் போனபோது அந்தப் பெண்ணிடம் கேட்ட கேள்விகள் எல்லாம் அந்தக் கடிதத்தில் இருந்துதான் வந்தன. தனக்குத் தெரிந்ததையே கேட்டதால் அவள் தயங்காமல் பதில் சொன்னாள்.

கல்லூரியில் என்.எஸ்.எஸ். இருந்தால் வருடத்துக்கு 120 மணி நேரம், இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், அதோடு ஏழு நாள் சிறப்பு முகாம் என்று கணக்கு இருக்கிறது. சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு மணிக்கணக்கை எழுதாமல் விட்டுவிடுகிறார்கள். "என்.எஸ்.எஸ். தன்னார்வலர்" என்பதைவிட "240 மணி நேரம், முகாமில் இன்ன ஊரில் இன்ன வேலை" என்பது கனமானது. என்.சி.சி.யில் ஏ, பி, சி என்று படிநிலை இருப்பதால் அங்கே பிரச்சினை இல்லை, எழுத்தைச் சொன்னாலே புரிந்துவிடும். நான் முதல்வன் திட்டத்தில் படித்த பாடங்களுக்கும் பாடத்தின் பெயரோடு எத்தனை மணி நேரம், யார் மதிப்பிட்டார் என்பதைச் சேர்த்து எழுதுங்கள். தேசிய கிரெடிட் கட்டமைப்பில் 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு கிரெடிட் என்பதுதான் அளவு. மணி நேரம் தெரிந்தால் மற்றவர்களால் ஒப்பிட முடியும்.

விளையாட்டுக்கு வருகிறேன். வடசென்னையில் கேரம் பலகை இல்லாத தெரு குறைவு. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிய காசிமா புதுவண்ணாரப்பேட்டைப் பெண், ஆட்டோ ஓட்டுநரின் மகள். அந்த உயரத்துக்குப் போகாத நூறு பிள்ளைகள் மாவட்டம், மாநிலம் என்று ஆடியிருக்கிறார்கள். அவர்களிடம் கோப்பை இருக்கிறது, தாள் இல்லை! தமிழக அரசு வேலைகளில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கிறது. மத்திய அரசு வேலைக்கு என்றால் சர்வதேசப் போட்டிக்குப் படிவம் 1, தேசியப் போட்டிக்குப் படிவம் 2, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3, பள்ளிகளுக்கான தேசியப் போட்டிக்குப் படிவம் 4 என்று தனித்தனியாக உண்டு. யார் கையெழுத்துப் போட வேண்டும் என்பதும் அதிலேயே குறிப்பிட்டிருக்கும். எந்தெந்த விளையாட்டு, எந்த அளவுப் போட்டி செல்லும் என்பதை அந்தந்த வேலையின் அறிவிக்கையில் பாருங்கள். போட்டி முடிந்த மாதமே சங்கத்தைப் பிடித்துப் படிவத்தில் கையெழுத்து வாங்குங்கள். ஐந்து வருடம் கழித்துப் போனால் செயலாளர் மாறியிருப்பார், பதிவேடும் எங்கே என்று தெரியாது.

பெயர்

இதை நிதானமாகப் படியுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் என் நேரத்தில் பாதி இதற்குத்தான் போகிறது.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, தலைப்பெழுத்துத்தான். ஒரு பையன். மார்க் ஷீட்டில் "முருகன் எஸ்". ஆதாரில் "முருகன் சேகர்". ஐ.டி.ஐ. சான்றில் "எஸ் முருகன்". வங்கிக் கணக்கில் வெறும் "முருகன்". நமக்கு இது ஒரே பையன், கம்ப்யூட்டருக்கு நான்கு பேர். தமிழரசி என்ற பெயரை ஒரு சான்றில் எல் போட்டும் இன்னொன்றில் இசட், எச் போட்டும் எழுதியிருப்பார்கள். ழகரத்தால் வரும் தொல்லை தனிக் கதை.

பத்தாம் வகுப்புச் சான்றை வேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்றவை எல்லாம் அதைப் பின்பற்றட்டும். வீட்டில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளை இருந்தால், பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் போகும் முன்பே பள்ளிக்குப் போய், தமிழிலும் ஆங்கிலத்திலும் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, அப்பா அம்மா பெயர் ஐந்தையும் எழுத்து எழுத்தாகச் சரிபாருங்கள். அப்போது திருத்துவது ஆசிரியருக்கு ஒரு சின்ன வேலை. சான்று அச்சாகி வந்த பிறகு திருத்த அலைவது மாதக்கணக்கு.

அதற்குப் பிறகு ஆதார். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே முறை. அதனால் இ-சேவை மையத்தில் அவசரமாக ஏதோ ஒன்றைப் போட்டுவிட்டு வராதீர்கள். மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, திரையில் தட்டியதை ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள். ஆதார் சரியான பிறகு பான் கார்டு, வங்கி, பி.எஃப். கணக்கு. இந்த வரிசையை மாற்றினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய வேண்டி வரும். ஐ.டி.ஐ. சான்றில் தவறு இருந்தால் நீங்கள் படித்த நிலையத்தின் முதல்வர் வழியாகத்தான் போக வேண்டும். வெளியில் யாரிடமும் பணம் கொடுத்து ஏமாறாதீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பெரிய தலைவலி: போன் நம்பர். நம் வீடுகளில் ஆஃபர் முடிந்தால் சிம் மாறும். ஆதாரோடு இணைத்த நம்பர் போய்விட்டால் ஓ.டி.பி. வராது, ஓ.டி.பி. வராவிட்டால் கீழே நான் சொல்லப்போகும் எதுவும் திறக்காது. ஒரு நம்பரைக் குடும்பத்தில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள். மற்ற சிம்மை வேண்டுமானால் மாற்றிக்கொள்ளுங்கள்.

டிஜிலாக்கர்

சான்றுகளை இணையத்தில் வைத்துக்கொள்ளும் பெட்டகம் இது, 2015இல் மத்திய அரசு தொடங்கியது. இதில் இரண்டு அறை இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நீங்களே போட்டோ எடுத்து ஏற்றி வைக்கலாம். அது உங்கள் பீரோ மாதிரி, பத்திரமாக இருக்கும், அவ்வளவுதான். இன்னொன்றில் தேர்வுத் துறை, பல்கலைக்கழகம், போக்குவரத்துத் துறை போன்ற சான்று கொடுத்த அலுவலகமே நேரடியாகப் போட்டுவைத்தவை வரும். இந்த இரண்டாவது வகை மூலச் சான்றுக்குச் சமம் என்று 2017இல் விதியில் சேர்க்கப்பட்டது. பிள்ளைகள் பலர் முதல் அறையில் போட்டோவை ஏற்றிவிட்டு "டிஜிலாக்கர்ல இருக்கு சார்" என்கிறார்கள். இன்டர்வியூவில் அதைக் காட்டினால் செல்லாது. அலுவலகம் வழங்கிய ஆவணங்கள் என்ற பகுதியில் போய், வாரியத்தின் பெயரைத் தேடி, பதிவெண்ணும் வருடமும் கொடுத்து, சான்றை வரவழைக்க வேண்டும். பெயர் ஆதாரோடு ஒத்துப்போகவில்லை என்றால் இங்கேதான் மாட்டிக்கொள்ளும். பெயரைப் பற்றி அவ்வளவு நேரம் பேசியதற்குக் காரணம் இதுதான்.

கல்லூரியில் ஏ.பி.சி. என்று ஒரு 12 இலக்க எண் கேட்பார்கள். 2021இல் வந்த கிரெடிட் வங்கி. படித்த பாடங்களின் கிரெடிட் அதில் சேரும். பாதியில் நின்றுவிட்டுத் திரும்பப் படிக்க வருகிறவர்களுக்கு அது உதவும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அபார் என்று அதே போல 12 இலக்க எண் தருகிறார்கள். 18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெற்றோர் சம்மதக் கையெழுத்து வேண்டும். படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள், என்ன விவரம் எங்கே போகிறது என்று தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

வேலை பார்த்ததற்குச் சான்று

இதில் எனக்குச் சொந்தக் காயம் இருக்கிறது. 1982 முதல் 1985 வரை ஒரு கான்ட்ராக்டரிடம் வெல்டராக இருந்தேன். பாய்லர் குழாய் வேலை. உள்ளே போனால் மூச்சு முட்டும், வெளியே வரும்போது கண் எரியும். மூன்று வருடம். ஒரு நாள் ஐ.டி.ஐ. பயிற்றுநர் வேலைக்கு விளம்பரம் வந்தது, அனுபவச் சான்று கேட்டிருந்தார்கள். கான்ட்ராக்டர் அதற்குள் தொழிலை மூடிவிட்டார். தேடிப்போய் வீட்டு வாசலில் நின்றேன். "உன் பேரே ரெஜிஸ்டர்ல இல்லப்பா" என்றார். என்னிடம் மிஞ்சியிருந்தது கேன்டீன் டோக்கன்கள்தான். அந்த வாய்ப்பு போனது. மறுபடி வேறு இடத்தில் முதலில் இருந்து மூன்று வருடம் வேலை பார்த்து, 1989இல்தான் பயிற்றுநராகச் சேர்ந்தேன். அந்த முதல் மூன்று வருடம் என் வாழ்க்கையில் நடந்தது என்பதற்கு இன்றும் என் வார்த்தையைத் தவிர ஆதாரம் கிடையாது.

அதனால் சேர்ந்த முதல் மாதத்திலேயே கேட்டு வாங்குங்கள். நியமனக் கடிதம், சம்பள ரசீது, பி.எஃப். எண், இ.எஸ்.ஐ. எண். கேட் பாஸையும் சேஃப்டி டிரெயினிங் அட்டையையும் திருப்பிக் கொடுக்கும் முன் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துவிடுங்கள். வேலையை விடும் நாளில், கடைசிச் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போடும் முன், சேவைச் சான்றைக் கேளுங்கள். நின்ற பிறகு கேட்டால் கிடைப்பது கடினம். அதில் "தொழிலாளி" என்று மட்டும் எழுதினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஃபிட்டரா, ரிக்கரா, ஹெல்ப்பரா, எந்த வேலை, எந்தத் தேதி வரை என்று இருக்க வேண்டும்.

சேவைச் சான்று தர மறுத்தாலும் ஒரு வழி இருக்கிறது. பி.எஃப். உறுப்பினருக்குத் தரும் 12 இலக்க யு.ஏ.என். எண் இருந்தால் பி.எஃப். பாஸ்புக்கை இணையத்தில் எடுக்கலாம். எந்த நிறுவனம், எந்த மாதம், எவ்வளவு பிடித்தம் என்று மாதவாரியாக இருக்கும். என்ன வேலை செய்தீர்கள் என்பது அதில் வராது, ஆனால் அந்த மாதங்களில் அங்கே இருந்தீர்கள் என்பதை யாராலும் மறுக்க முடியாது. கான்ட்ராக்டர் மாறும்போதெல்லாம் புது யு.ஏ.என். போட்டுவிடுகிறார்கள். பழைய எண்ணைச் சொல்லி ஒன்றாகச் சேர்க்கச் சொல்லுங்கள். வேலையை விட்ட தேதியை நிறுவனம் பதியாமல் விட்டிருந்தால், கடைசிப் பிடித்தத்துக்கு இரண்டு மாதம் கழித்து நீங்களே இணையத்தில் பதிந்துகொள்ளலாம். என் காலத்தில் இப்படி ஒன்று இருந்திருந்தால்! அதனால்தான் ஹெல்ப்பராகச் சேரும் பிள்ளைகளிடமும் "பி.எஃப். புடிக்கிறாங்களா?" என்று முதலில் கேட்கிறேன். அந்தப் பணம் பின்னால் உதவும், அந்தப் பதிவு உடனே உதவும்.

ஃபைலின் முதல் பக்கம்

இங்கிலாந்தில் 1991இல் பள்ளி முடிக்கும் பிள்ளைகளுக்கு அரசே ஒரு அரக்கு நிற ஃபைல் கொடுத்தது. தேசிய சாதனைப் பதிவு என்று பெயர். தேர்வு மதிப்பெண்ணோடு, தான் என்ன செய்தேன், என்ன கற்றேன் என்று பிள்ளையே எழுதிவைக்கும் பக்கங்களும் இருந்தன. நல்ல நோக்கம். ஆனால் வேலை கொடுப்பவர்களில் பலர் அதைத் திறந்து பார்க்கவே இல்லை, சில வருடங்களில் திட்டம் மாறிப்போனது. வாசலில் இருப்பவர் எதைப் படிப்பாரோ அதை ஃபைலின் மேலே வைக்க வேண்டும் என்பதற்காக இந்தக் கதையை நான் பிள்ளைகளுக்குச் சொல்வது வழக்கம். ஐரோப்பா 2005இல் யூரோபாஸ் என்று பல நாடுகளுக்கும் பொதுவான படிவம் கொண்டுவந்தது. அதில் மொழியறிவை ஏ1 முதல் சி2 வரை ஆறு படியாகக் குறிப்பிட வேண்டும். ஜெர்மனிக்கு நர்ஸ் வேலைக்குப் போக நினைக்கும் பெண்களுக்கு இந்தப் படிவம் பழகியிருப்பது நல்லது, இலவசம்தான்.

நம் ஃபைலுக்கு வருவோம். முதல் பக்கம் ஒன்றே ஒன்று, ஏ4 தாளில். பெயர், போன், எந்த வேலைக்கு. அடுத்து அந்த வேலைக்குப் பொருந்தும் சான்றுகள் மட்டும், புதியது மேலே. ஒவ்வொன்றுக்கும் பெயர், கொடுத்தவர், தேதி, சான்று எண், ஒரு வரியில் என்ன செய்ய வரும் என்பது. அந்த வரியை நீங்களே யோசித்து எழுதுங்கள், இணையத்தில் இருந்து எடுத்து ஒட்டாதீர்கள். "கடின உழைப்பாளி" என்று எழுதும் இடத்தில் "8 மி.மீ. ப்ளேட்டில் செங்குத்து நிலை ஜாயின்ட் பெண்ட் டெஸ்ட்டில் தேறியது" என்று எழுத முடிந்தால் எழுதுங்கள். பின்னால் அதே வரிசையில் நகல்கள். விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பித்தால் கேரம் சான்றை முன்னால் வையுங்கள், கணக்கர் வேலைக்கு வேண்டாம்.

அரசு வேலை எழுதுகிறவர்கள் இரண்டை மறந்துவிடுகிறார்கள். ஒன்று, தமிழ் வழியில் படித்ததற்கான சான்று. 20 சதவீத ஒதுக்கீடு இதற்கு இருக்கிறது. பட்டம் மட்டும் தமிழில் படித்தால் போதாது, 2020 திருத்தத்துக்குப் பிறகு பள்ளிப் படிப்பும் தமிழ் வழியில் இருந்திருக்க வேண்டும், ஒவ்வொரு பள்ளியிலும் சான்று வாங்க வேண்டும். மூன்று பள்ளி மாறியிருந்தால் மூன்று தலைமை ஆசிரியர்கள். அறிவிக்கை வந்த பிறகு ஓடாதீர்கள், கோடை விடுமுறை முடிந்து பள்ளி திறந்ததும் போய் வாங்கி வையுங்கள். இரண்டாவது, வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு. மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், இப்போது இணையத்திலேயே முடியும். அந்த மாதத்தை வீட்டு நாள்காட்டியில் சிவப்பில் வட்டம் போட்டு வையுங்கள்.

தண்ணீரும் மற்றவர் கையும்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பக்கம் வீடுகளுக்குள் வந்தது வெறும் தண்ணீர் இல்லை, எண்ணெய் கலந்த வெள்ளம். எர்ணாவூரில் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளின் சான்றுகளைக் கழுவிக் காயவைத்திருந்ததைப் பார்த்தேன். கருப்புக் கறை போகவில்லை. அந்த அம்மா அழவில்லை, மார்க் ஷீட்டின் ஓரத்தைத் துணியால் ஒற்றிக்கொண்டே இருந்தார். அன்றிலிருந்து எல்லோருக்கும் சொல்கிறேன், சான்றுகளைக் கட்டிலுக்கு அடியில் இருக்கும் பெட்டியில் வைக்காதீர்கள். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு, வீட்டின் மிக உயரமான பரணில் வையுங்கள். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் ஸ்கேன் செய்து உங்கள் மின்னஞ்சலுக்கு நீங்களே அனுப்பி வையுங்கள். மூலச் சான்றுகளை லேமினேட் செய்யாதீர்கள். வெளிநாட்டு வேலைக்குப் பின்பக்கம் முத்திரை வைக்க வேண்டி வந்தால் லேமினேட் செய்த தாளில் வைக்க முடியாது.

கடைசியாக, மூலச் சான்றுகளை எங்கேயும் விட்டுவிட்டு வராதீர்கள். "சரிபார்த்துட்டுத் தர்றோம், நாளைக்கு வாங்க" என்று சொல்லி வாங்கி வைத்துக்கொண்டு, வேலையை விடும்போது பணம் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கல்லூரிகள் மாணவர்களின் மூலச் சான்றுகளைப் பிடித்து வைக்கக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்திருக்கிறது. மேசை மேல் காட்டுங்கள், அவர்கள் பார்க்கட்டும், உங்கள் கண் முன்னாலேயே திரும்ப உறைக்குள் வையுங்கள். நகல் கொடுக்கும்போது ஒவ்வொரு தாளிலும், எழுத்துக்களின் மேலேயே படும்படி குறுக்கே பேனாவால் எழுதுங்கள்: இன்ன நிறுவனத்தில் இன்ன வேலைக்கான விண்ணப்பத்துக்கு மட்டும். அதற்குக் கீழே அன்றைய தேதியும் உங்கள் கையெழுத்தும்.